வகுக்காமல் வகுத்தல்

கணக்குப் பயிலத் தொடங்கும் சிறுவர்க்கு நால்வகைச் செய்கைகளுள் வகுத்தலே மிக வருத்தந் தருவது என்பதனை ஆசிரியர் எவரும் அறிவர். கூட்டலும் கழித்தலும் விரல்விட்டு எண்ணியேனும் முடியும். பெருக்கலுக்கு வாய்பாடு துணை நிற்கும். வகுத்தலிலோ ஒவ்வொரு படியிலும் எத்தனை முறை அடங்கும் என்று ஊகித்து, பெருக்கிப் பார்த்து, கழித்து, ஊகம் பிழையாயின் அதனை மாற்றி, அதன் பின்னரே அடுத்த இலக்கத்தை இறக்கல் வேண்டும். நொடிக்குப் பல நூறு கோடித் துடிப்புக்களோடு இயங்கும் கணிப்பொறிக்கும் இதே துன்பம் உண்டென்பது பலர் அறியாத செய்தி. அத்துன்பத்தினின்று அதனைத் தப்புவிக்கும் பொருட்டுக் கம்பைலர் என்னும் நிரல் கையாளும் ஓர் உபாயத்தையும், அவ்வுபாயம் பிழைபடாதென்று நாம் எங்ஙனம் துணியலாம் என்பதனையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம். பள்ளிக் கணக்குத் தெரிந்த எவரும் இதனை முற்றும் பின்தொடரலாம்.

கணிப்பொறி அறிந்த மொழி 0, 1 என்னும் ஈரிலக்கங்களாலான கட்டளைத் தொடரே. மனிதர் அம்மொழியில் நேரே எழுதுதல் இடர்ப்பாடுடையது. ஆதலின் நமக்கு விளங்கும் ஒரு மொழியில் நிரலை எழுதி, அதனைப் பொறியின் மொழிக்குப் பெயர்க்கும் பணியை வேறொரு நிரலிடம் ஒப்படைக்கின்றோம். அதுவே கம்பைலர், தமிழ்ப் பாடநூல்கள் அதனை நிரல்பெயர்ப்பி என்னும். 1957-ஆம் ஆண்டில் ஜான் பேக்கஸ் என்பாரும் அவர் குழுவினரும் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஃபோர்ட்ரான் மொழிக்குரிய கம்பைலரை வெளியிட்டனர். வல்லார் கையால் எழுதும் கட்டளைகளினும் தம் கம்பைலர் எழுதுவன வேகத்திற் குன்றியிருப்பின் ஒருவரும் அதனை ஏற்கமாட்டார் என்னும் அச்சம் அவர்களுக்கு இருந்தது. ஆகவே, சொன்னதைச் சொன்னவாறு பெயர்ப்பதோடு நில்லாமல், பொருள் சிறிதும் மாறாது விரைந்து நடக்குமாறு பெயர்த்தலும் தொடக்கத்திலிருந்தே கம்பைலரின் கடமையாயிற்று.

அக்கடமையின் எளிய பகுதிகளை விரைவிற் சொல்லிவிடலாம். ஒரு நாளுக்குரிய நொடிகளை 24×60×60 என்று நிரலில் எழுதினால், கம்பைலர் தானே பெருக்கி 86,400 என்னும் விடையையே பொறிக்கு அளிக்கிறது. 10-ஆற் பெருக்குக என்று எழுதினால், எட்டு மடங்கையும் இரண்டு மடங்கையும் கூட்டுக என்று அது மாற்றி எழுதுவதும் உண்டு. ஈரடிமான எண்முறையில் எட்டாற் பெருக்குதல் இலக்கங்களை மூன்று இடம் இடப்புறம் தள்ளுதலேயாம். நாம் ஆயிரத்தாற் பெருக்கும்போது மூன்று சுழியம் சேர்ப்பது போல்வது அது. இவற்றில் வியப்பொன்றுமில்லை. வியப்பு வகுத்தலில் இருக்கின்றது.

பெருக்கலும் வகுத்தலும் பொறிக்குள்ளே ஒரே தன்மையன அல்ல. பெருக்கலில் ஒவ்வோர் இலக்கத்தாலும் வரும் பகுதிப் பெருக்கங்கள் ஒன்றையொன்று எதிர்பாராதவை. அனைத்தையும் ஒருங்கே வருவித்து ஒருங்கே கூட்டிவிடலாம். வகுத்தலிலோ முதல் இலக்கம் தெரிந்தாலன்றி அடுத்த இலக்கம் தெரியாது. பலர் கூடினும் விரைவுபடுத்த இயலாத வேலை அது. 2015-இல் வெளிவந்த இன்டெல் ஸ்கைலேக் என்னும் செயலியில் பெருக்கலுக்கு மூன்று அல்லது நான்கு துடிப்புக்கள் செல்ல, 32 பிட் எண்ணை வகுக்கச் சுமார் 26 துடிப்புக்கள் செல்லும். பின்வந்த செயலிகள் இவ்விடைவெளியைக் குறைத்துள்ளன எனினும் நீக்கிவிடவில்லை. 1985-ஆம் ஆண்டின் முதல் ஏ.ஆர்.எம். செயலியில் வகுத்தற் கட்டளையே கிடையாது. ஆயினும் வகுத்தலின்றி நாம் வாழ முடியாது. கணிப்பொறி தன்னுள் ஈரடிமானத்தில் வைத்துள்ள எண்ணை நம் கண்ணுக்குப் பத்தடிமானத்திற் காட்டுவதற்கு, ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒருமுறை 10-ஆல் வகுத்து மீதி காண வேண்டும். நொடிகளை நிமிடமாக்க 60-ஆலும், நாட்களை வாரமாக்க 7-ஆலும் வகுத்தல் வேண்டும். இவற்றிலெல்லாம் வகுபடும் எண் யாதென்று முன்னரே தெரியாது. வகுஎண்ணோ நிரல் எழுதும்போதே தெரிந்தது, மாறாதது. இவ்வொரு செய்தியே கம்பைலருக்குக் கிடைத்த பிடி.

மனக்கணக்கிற் பழகியவர் 235-ஐ 5-ஆல் வகுக்கச் சொன்னால் வகுக்கமாட்டார். இரட்டித்து 470 ஆக்கி, ஓரிலக்கத்தை வெட்டி 47 என்பார். 25-ஆல் வகுக்க நான்காற் பெருக்கி ஈரிலக்கம் வெட்டுவர். 125-ஆல் வகுக்க எட்டாற் பெருக்கி மூன்றிலக்கம் வெட்டுவர். வகுத்தல் பெருக்கலாகிவிட்டது, வெட்டுதலுக்கு உழைப்பே இல்லை. 5-உம் 25-உம் 125-உம் பத்தின் அடுக்குகளை மீதியின்றி வகுப்பன ஆதலின் இது எளிதாயிற்று. 3-ஆல் வகுக்க வேண்டின் என்செய்வது?

மூன்றில் ஒன்று என்பது 0.3333... என்று முடிவின்றிச் செல்லும் தசம பின்னம். ஈரிலக்கத்தோடு நிறுத்தி, 33-ஆற் பெருக்கி இரண்டிலக்கம் வெட்டிப் பார்ப்போம். 3-ஐ எடுத்தால் 99 வரும். வெட்டினால் ஈவு 0. தொடக்கமே பிழை! சிறிது குறைத்து நிறுத்தியதால் முழு விடையின் வாயிற்படியில் வந்து நின்றுவிட்டது. ஆகவே மேல்நோக்கி 34 என்று கொள்வோம். 3-க்கு 102, ஈவு 1. 20-க்கு 680, ஈவு 6. 47-க்கு 1598, ஈவு 15. யாவும் சரியே. 49 வரையுள்ள எல்லா எண்களுக்கும் சரியாகவே வரும். 50-க்கு வந்தால் 1700, வெட்டினால் 17. உண்மையான ஈவு 16. ஆகவே முறை 50-இல் முறிந்துவிட்டது. பெருக்கெண்ணை 334 ஆக்கி மூன்றிலக்கம் வெட்டினால் 499 வரை தாங்கும்; 500-இல் முறியும்.

ஏன் 50, ஏன் 500? 34-ஐ மூன்றாற் பெருக்கினால் 102. நூற்றினும் 2 மிகுதி. 334-ஐ மூன்றாற் பெருக்கினால் 1002. ஆயிரத்தினும் 2 மிகுதி. இவ்விரண்டை மிகை என்போம். நூறு, ஆயிரம் ஆகியவற்றை அடுக்கு என்போம். பெருக்கெண்ணை வகுஎண்ணாற் பெருக்கினால் அடுக்கும் மிகையும் சேர்ந்து வருகின்றன. ஆதலால் நம் முறையால் வரும் விடை உண்மையான பின்னத்தினும் சற்றுப் பெரிதாயிருக்கும். எவ்வளவு பெரிதெனின், வகுபடும் எண்ணை மிகையாற் பெருக்கி, அடுக்காலும் வகுஎண்ணாலும் வகுத்த அளவு. இனி, 3-ஆல் வகுக்கும்போது மிகப்பெரிய மீதி 2. அஃதாவது உண்மை விடையின் பின்னப் பகுதி மூன்றில் இரண்டுக்கு மேற்படாது. அடுத்த முழு எண்ணுக்கு எப்போதும் மூன்றில் ஒரு பங்கேனும் தூரம் உண்டு. நம் பிழை அத்தூரத்தை எட்டாதவரை, வெட்டியபின் எஞ்சும் ஈவு சரியான ஈவேயாம். எந்த வகுஎண்ணுக்கும் இவ்வாறே. சுருக்கிச் சொன்னால், வகுபடும் எண்ணை மிகையாற் பெருக்கிவரும் தொகை அடுக்குக்குக் குறைந்திருந்தாற் போதும். 50-ஐ 2-ஆற் பெருக்கினால் 100. எல்லை அங்கே முடிந்தது.

விடை பின்னமாக நோக்கின் பிழையுடையது. ஈவாக நோக்கின் ஒரு சிறிதும் பிழையற்றது. தோராயமான ஒன்றிலிருந்து துல்லியமான ஒன்று பிறத்தற்கு இது நல்ல சான்று. வகுப்பில் ஆசிரியர் தோராயம் என்றாலே முகஞ் சுளிக்கும் மாணவர் இதனைக் கவனிப்பாராக.

மற்றோர் உதாரணம்: 7-ஆல் வகுக்க 143-ஆற் பெருக்கி மூன்றிலக்கம் வெட்டலாம். 143×7 = 1001; மிகை ஒன்றே. ஆகவே 999 வரையுள்ள எல்லா எண்களுக்கும் இம்முறை பிழையின்றிச் செல்லும். 365 நாட்களை 143-ஆற் பெருக்கினால் 52,195. மூன்றிலக்கம் வெட்ட 52 வாரம். மூவிலக்க எண்களுக்கு 3-ஐக் காட்டிலும் 7 எளிதாய் அமைந்தது பத்தடிமானத்தின் ஓர் அதிர்ஷ்டம் என்க.

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். அங்கே பத்தின் அடுக்குகளுக்குப் பதில் இரண்டின் அடுக்குகள்; இலக்கம் வெட்டுவதற்குப் பதில் பிட்டுக்களை வலப்புறம் தள்ளுதல். 32 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 4,294,967,295. இவ்வெல்லைக்குட்பட்ட எந்த எண்ணையும் 10-ஆல் வகுக்கவேண்டும் என்று நிரலாசிரியர் எழுதினால், கம்பைலர் வெளியிடும் கட்டளைகளில் 10 என்ற எண்ணையே காணோம்! 3,435,973,837 என்னும் ஒரு பேரெண் அங்கே நிற்கும். அதனாற் பெருக்கி, 35 பிட் வலப்புறம் தள்ளுக என்றிருக்கும். முதன்முறை காண்பவர் இஃது எங்கிருந்து முளைத்ததென்று திகைப்பர். தொழில் வழக்கில் இதற்கு மாய எண் என்றே பெயர். மாயம் ஒன்றுமில்லை: அதனைப் பத்தாற் பெருக்கினால் 34,359,738,370, இரண்டின் 35-ஆம் அடுக்கு 34,359,738,368. மிகை 2. வகுபடும் எண் எவ்வளவு பெரிதாயினும் இரண்டின் 32-ஆம் அடுக்குக்குக் குறைந்தது. அதனை 2-ஆற் பெருக்கினால் 33-ஆம் அடுக்குக்குக் குறைந்தது. அது 35-ஆம் அடுக்கில் நாலில் ஒரு பங்கையும் எட்டாது. எனவே எந்த எண்ணுக்கும் பிழை நேராது. மூன்று வரியில் நிரூபணம் முடிந்தது. 32 பிட் எண்கள் இரண்டைப் பெருக்கினால் வரும் 64 பிட் பெருக்கத்தைப் பொறி மேற்பாதி, கீழ்ப்பாதி என இரண்டாக அளிக்கும். மேற்பாதியை மட்டும் கொண்டால் 32 பிட் வெட்டியதாயிற்று. எஞ்சிய மூன்று பிட்டைத் தள்ளினாற் போதும்.

ஒருவர் சிக்கனம் கருதி 35-க்குப் பதில் 34-ஆம் அடுக்கைக் கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பெருக்கெண் 1,717,986,919, மிகை 6. அவர் நூறு எண்களைச் சோதிக்கிறார், சரி. இலட்சம் எண்களைச் சோதிக்கிறார், சரி. நூறு கோடி எண்களைச் சோதிப்பினும் சரியாகவே வரும். 0 முதல் 2,863,311,538 வரை ஓர் எண்ணும் பிழைபடாது. நொடிக்கு ஒன்றாக ஒருவர் கையாற் சரிபார்ப்பின் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் அவர் தம் முறையை மெச்சிக்கொண்டிருக்கலாம். அடுத்த எண்ணாகிய 2,863,311,539-இல் அது முறியும்: வரவேண்டிய ஈவு 286,331,153; வருவதோ 286,331,154. அவ்வெண்ணை 6-ஆற் பெருக்கினால் இரண்டின் 34-ஆம் அடுக்கை 50 மாத்திரமே கடக்கின்றது. அந்த ஐம்பதால் விடை ஒன்று மிகுந்துவிட்டது.

பொறியையே சோதிக்கச் சொல்லலாமே என்பீர்கள். 32 பிட் எண்கள் அனைத்தையும் இக்காலப் பொறி சில நொடிகளிற் சோதித்துவிடும், உண்மையே. ஆனால் இன்று பெருவழக்கிலுள்ளவை 64 பிட் எண்கள். அவற்றை நொடிக்கு நூறு கோடியாகச் சோதிப்பினும் 584 ஆண்டுகள் செல்லும். அங்கே 10-ஆல் வகுக்க உதவும் பெருக்கெண் 14,757,395,258,967,641,293; இருபது இலக்கம். அதனை நம்புவதற்கு நமக்குள்ள ஆதாரம் மேற்சொன்ன மூன்று வரி நிரூபணமேயன்றிச் சோதனையன்று.

சோதனையை மட்டும் நம்புதலின் இடர் வகுத்தல் விஷயத்திலேயே ஒருமுறை வெளிப்பட்டது. 1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி என்பார், இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்ப் பின்னங்களைக் கூட்டிவருகையில் விடைகள் ஒவ்வாமையைக் கண்டார். பல மாதம் ஆராய்ந்து, குற்றம் தம் நிரலில் அன்று, இன்டெல் பென்டியம் செயலியின் தசம எண் வகுத்தலில் உள்ளதென்று நிறுவினார். ஈவின் இலக்கத்தை ஊகிக்கும் பொருட்டு அச்செயலியில் 1066 இடங்களைக் கொண்ட ஓர் அட்டவணை இருந்தது; அதில் ஐந்து இடங்கள் நிரப்பப்படாது விடுபட்டிருந்தன. அரிதாகவே அவ்விடங்களைப் பொறி நாடுமாதலின் சோதனைகளில் அது தப்பிவிட்டது. அந்நிறுவனத்துக்கு நேர்ந்த செலவு 47 கோடியே 50 இலட்சம் டாலர். ஒரு கல்லூரி ஆசிரியரின் பொறுமையே அதனைக் கண்டது என்பதை நம்மனோர் நினைத்து மகிழலாம்.

அதே 1994-ஆம் ஆண்டில்தான், மாறா வகுஎண்ணுக்குரிய மாய எண்ணைக் கண்டுபிடிக்கும் முறையையும் அதன் நிரூபணத்தையும் டோர்ப்யோர்ன் கிரான்லுண்ட் என்பாரும் பீட்டர் மாண்ட்கோமெரி என்பாரும் ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். ஜி.சி.சி. என்னும் கம்பைலரில் அம்முறை இடம் பெற்றது. இன்று வழங்கும் பெரிய கம்பைலர்கள் யாவும் இவ்வினத்து முறையையே கையாளுகின்றன. மாய எண்ணைக் காண்பதற்கும் ஒரு வகுத்தல் வேண்டும். ஆனால் அது பெயர்ப்பின்போது ஒருமுறை நிகழ்வது. நிரல் பின்னர்க் கோடி முறை ஓடினும் அவ்வகுத்தல் மீண்டும் நிகழாது.

பத்தடிமானத்தில் நமக்கு இனிதாயமைந்த 7, ஈரடிமானத்தில் முரண்டு பிடிக்கின்றது. 33-ஆம் அடுக்கைக் கொண்டால் மிகை 6, 34-ஆம் அடுக்கைக் கொண்டால் மிகை 5; இரண்டும் நம் விதிக்கு அடங்கா. 35-ஆம் அடுக்கில் மிகை 3 ஆகி விதிக்கு அடங்குகிறது. ஆனால் பெருக்கெண் 4,908,534,053 ஆகி 32 பிட்டுக்குள் அடங்காது போகிறது. தொட்டிலோ சிறிது, பிள்ளையோ பெரிது! கம்பைலர் அதற்கும் வழி வைத்திருக்கின்றது. பெருக்கெண்ணிலிருந்து இரண்டின் 32-ஆம் அடுக்கைக் கழித்தால் எஞ்சுவது 613,566,757. இதனாற் பெருக்கி மேற்பாதியைக் கொண்டு, கழித்துவிட்டதற்கு ஈடாக வகுபடும் எண்ணையே அதனோடு கூட்டினால் போதும். கூட்டும்போது தொகை 32 பிட்டை மீறி வழியக்கூடும். ஆகவே நேரே கூட்டாமல், வகுபடும் எண்ணிலிருந்து மேற்பாதியைக் கழித்து, பாதியாக்கி, மீண்டும் மேற்பாதியைக் கூட்டினால், தொகையின் பாதி வழியாமற் கிடைக்கும். 365-க்குச் செய்து பார்ப்போம்: மேற்பாதி 52, கழிக்க 313, பாதி 156, 52-ஐக் கூட்ட 208, இன்னும் இரண்டு பிட் தள்ள, அஃதாவது நான்கால் வகுக்க, 52. இத்தனை சுற்றியும் நேர் வகுத்தலினும் இது விரைவுடையது. 3-க்கோ இவ்வல்லல் ஒன்றுமில்லை. 2,863,311,531-ஆற் பெருக்கி 33 பிட் தள்ளினால் வேலை முடிந்தது.

இப்பேரெண்களைப் பொறிக்குள் கொண்டு சேர்ப்பதும் ஒரு தொல்லைதான். ரிஸ்க்-ஃபைவ் வகைச் செயலியில் வழக்கமான கட்டளை ஒவ்வொன்றும் 32 பிட் நீளமே. 32 பிட் எண் ஒன்றை அதனுள் வைத்தால் கட்டளைக்கே இடமிராது. ஆகவே மேல் 20 பிட்டை ஒரு கட்டளையும், கீழ் 12 பிட்டை மற்றொரு கட்டளையும் சுமக்கும். கீழ்ப்பகுதியைப் பொறி குறியுடைய எண்ணாகக் கொள்ளும். 2047-க்கு மேற்பட்டால் அது எதிர்மறையாகிவிடும். 10-க்குரிய மாய எண்ணில் கீழ்ப்பகுதி 3277 ஆதலின், கம்பைலர் மேற்பகுதியில் ஒன்று கூட்டி 838,861 என வைத்து, 4096 மடங்காக்கி, 819-ஐக் கழிக்கச் சொல்கிறது. கடைக்காரர் சில்லறையின்றி முழு ரூபாயாக வாங்கி மீதி கொடுப்பது போன்றதே இது.

எதிர்மறை எண்களில் வேறொரு கவனம் வேண்டும். -7-ஐ 2-ஆல் வகுக்க ஒரு பிட் வலப்புறம் தள்ளினால் -4 வரும். சி மொழியின் விதிப்படி பின்னத்தை நீக்கிச் சுழியை நோக்கி வரவேண்டுமாதலின் -3 என்பதே விடை. எனவே எண் எதிர்மறையாயின் முதலில் ஒன்று கூட்டிப் பின்னர்த் தள்ளுமாறு கம்பைலர் எழுதும். தசம எண்களிலோ அது இவ்வுபாயத்தை ஏற்பதே அரிது. 8-ஆல் வகுத்தலை 0.125-ஆற் பெருக்கலாக மாற்றும். 10-ஆல் வகுத்தலை 0.1-ஆற் பெருக்கலாக மாற்றாது. 0.1 ஈரடிமானத்தில் முடிவுபெறாத பின்னம். 3-ஐ 10-ஆல் வகுத்தால் 0.3 என்று காட்டும் பொறி, 3-ஐ 0.1-ஆற் பெருக்கினால் 0.30000000000000004 என்று காட்டும். அங்கே வெட்டியெறிந்து தப்புவதற்கு இடமில்லை. வேகமே போதும், கடை இலக்கம் எங்ஙனமாயினும் ஆகுக என்று நிரலாசிரியர் வெளிப்படையாக அனுமதி அளித்தாலொழியக் கம்பைலர் அதற்கு இசைவதில்லை. இவ்விடத்தில் அதன் பிடிவாதத்தை நாம் மெச்சுகின்றோம்.

மாணவ நண்பர்கள் தாமே செய்துபார்க்க ஒரு கணக்கு: 7-ஐப் போலவே 11-க்கும் 13-க்கும், மூவிலக்க எண்கள் அனைத்துக்கும் பிழையின்றிப் பொருந்தும் பெருக்கெண் உண்டு, அவையும் ஆயிரத்திலேயே முறிவன. அப்பெருக்கெண்கள் யாவை, மூன்றும் ஒரே இடத்தில் முறிவது ஏன் என்று காண்க. 1001-ஐக் காரணிகளாகப் பிரித்துப் பார்த்தல் உதவும்.